பரிந்துரைக் கடிதமும் உண்மையும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம் பெரும்பாலும் 3 பரிந்துரைக் கடிதங்கள் கேட்கப்படுகின்றன. மாணவரின் ஆய்வை அருகிருந்து பார்த்த நெறியாளரின் கடிதத்துக்கு அவற்றுள் மதிப்பு அதிகம். அதைக் கேட்பவர் கேட்பது சலுகையா, சாட்சியமா என்பது அறவியல் கேள்வி. சலுகை என்றால் நெறியாளர் தாராளமாகப் புகழலாம். சாட்சியம் என்றால் அந்த உரிமை அவருக்குக் கிடையாது. தேர்வுக் குழு அவர் சொல்லை நம்பி முடிவெடுக்கிறது. அதே இடத்துக்கு விண்ணப்பித்த, அவர் முகமே அறியாத இன்னொருவர் அந்த முடிவால் வாய்ப்பை இழக்கக்கூடும்.

பொய்யின் அறத்தை ஆராய்ந்து மெய்யியலர் சிஸ்ஸெலா போக் 1978இல் வெளியிட்ட நூல், மிகைப்படுத்திய பரிந்துரைகளையும் எடுத்துக்கொள்கிறது. எல்லோரும் மிகைப்படுத்தும் சூழலில், உள்ளதை உள்ளபடி எழுதுபவரின் மாணவர் தரம் குறைந்தவராகத் தோன்றுவார். எந்நிலையிலும் பொய் கூடாது என்ற மெய்யியலர் கான்ட்டின் கண்டிப்பு இங்கே நெறியாளரின் கை கறைபடாமல் காக்கும், மாணவரைக் காக்காது. அடைமொழிகளை விட்டு, செய்த வேலையைச் சொல்வதே இதற்கு வழி. எந்தச் சோதனையை மாணவர் தாமே வடிவமைத்தார், முடிவு பொய்த்தபோது என்ன செய்தார் என்று எழுதும் கடிதத்துக்கு மிகை தேவைப்படாது.

பொய்யே கலவாத கடிதமும் கெடுதல் செய்யும். மெய்யியலர் பால் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். மெய்யியல் பணிக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி ஆசிரியர், அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்று மட்டும் எழுதுகிறார். இரண்டும் உண்மை. ஆனால், மெய்யியலில் அவர் தேறமாட்டார் என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். ஆதரவு என்று நம்பிய கடிதமே தமக்கு எதிராகப் பேசுவது மாணவருக்குத் தெரியாது. நேருக்கு நேர் மறுப்பதைவிட இது கொடியது.

ஆகவே, கடிதம் தர முடியுமா என்று கேட்பதைவிட, உறுதியாக ஆதரித்து எழுத முடியுமா என்று கேட்பதே முறை. அது நெறியாளருக்கு மறுக்க இடம் தருகிறது. கெடுவுக்குப் பல வாரங்கள் முன்பே, தன்விவரக் குறிப்பு, நோக்க அறிக்கை, பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஆகியவற்றுடன் கேட்டால் அவரால் குறிப்பாக எழுத முடியும்.

1974ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விப் பதிவுச் சட்டப்படி, பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, தமக்காக எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. அதை அவர் விட்டுக்கொடுக்கலாம்; ஆனால் விட்டுக்கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று பல்கலைக்கழகம் நிபந்தனை விதிக்க முடியாது.

மாணவரையே எழுதிவரச் சொல்லிக் கையெழுத்து மட்டும் இடும் நெறியாளர்களும் உண்டு. அப்போது சாட்சி சொல்பவர் மாணவரே ஆகிவிடுகிறார். படிக்கும் குழு ஏமாற்றப்படுகிறது. எழுத நேரமில்லாத நெறியாளர் மறுத்துவிடுவதே நேர்மை.