உண்மையான மான் வேடன் யார்?

ஈழத்துச் சைவாலயங்களில் மகோற்சவ காலத்தில் நடைபெறும் விழாக்களுள் சிறுவர்களுக்கு மிகவும் பிடித்தமானது வேட்டைத் திருவிழா. எம்பெருமான் வில்லும் அம்பும் தாங்கி, பெரும்பாலும் குதிரை வாகனத்தில் எழுந்தருளுவார். மேளம் முழங்க, அடியார்கள் ஆரவாரித்து முன்னும் பின்னும் ஓடுவர். கொல்லாமையை உயர்ந்த அறமாகக் கொண்ட சைவ சமயத்தில் சுவாமிக்கு எதற்கு வேட்டை என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கேட்பதுண்டு. மனத்தினுள் திரியும் காமம், வெகுளி முதலிய விலங்குகளை இறைவன் வேட்டையாடுகின்றான் என்று பெரியோர் விடை கூறுவர். அவ்விடை சரியானதே. ஆயினும் அத்துடன் நின்றுவிட்டால், சைவ நூல்களில் இரத்தமும் சதையுமாக வரும் மெய்யான வேடர்கள் மறைந்து போவார்கள். அவர்களிடம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

காட்டோரக் கிராமங்களில் இன்றும் ‘அவன் நல்ல வேட்டைக்காரன்’ என்று சிலரைச் சொல்வார்கள். எதைக் கொண்டு அப்படிச் சொல்கின்றார்கள்? கொண்டுவந்த இறைச்சியின் நிறையைக் கொண்டா? வீட்டிலே காயும் மரை வத்தலைக் கொண்டா? சேக்கிழார் சுவாமிகள் 12 ஆம் நூற்றாண்டிலே வேறொரு கணக்கு வைத்திருக்கின்றார்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரிலே வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் நெடுங்காலம் பிள்ளை இல்லாதிருந்து, முருகப் பெருமானை வேண்டிப் பெற்ற மகன் திண்ணனார். நாகன் முதுமை அடைந்தபோது தலைமை மகனுக்கு வந்தது. தேவராட்டி வாழ்த்த, முதல் வேட்டையாகிய கன்னி வேட்டைக்குத் திண்ணனார் புறப்பட்டார். நாய்கள் பாய்கின்றன, வலைகள் விரிகின்றன, பன்றியும் மானும் கரடியும் வீழ்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒளிக்காமற் பாடிவந்த சேக்கிழார், நடுவிலே ஒரு பாட்டில் நிறுத்தி, அவ்வேடர்கள் எவற்றைக் கொல்லவில்லை என்று சொல்கின்றார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறு குட்டிகள் மீது கை வைக்கவில்லை. கருவைச் சுமந்து, அடி தளர்ந்து நடந்து வந்த பிணை மான்களை வருத்தவில்லை. கொலைத் தொழிலையே குலத் தொழிலாகக் கொண்ட, எழுத்தறியாத வேடர்கள் அவர்கள். அவர்களுக்கு இந்த விதியை எவரும் ஏட்டில் எழுதிக் கொடுக்கவில்லை.

இதிலே கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ஓடிவரும் மான் கருவுற்றதா, குட்டியா, கலையா என்று அறிய வேண்டுமாயின் முதலில் அதைப் பார்க்க வேண்டும். நாண் காது வரை இழுபட்டிருக்கும் அந்த ஒரு கணத்திலும் அவர்கள் பார்த்தார்கள்.

பின்னர் காளத்தி மலையிலே குடுமித்தேவரைக் கண்டு அன்பு மேலிட்ட திண்ணனார், சுவாமிக்கு அமுது தேடித் தனியே வேட்டைக்குச் செல்கின்றார். அவ்வேட்டையின் நுட்பங்களையும் சேக்கிழார் கூறுகின்றார். விலங்கின் குரலிலே ஒலி எழுப்பிக் கலைமானை அருகே வரவழைத்தார். மரைகளின் அடிச்சுவட்டை ஒற்றிச் சென்று அவை துயிலும் இடத்திலே எய்தார். கடமைகளைத் தொடர்ந்து ஓடி எய்தார். வெயில் முதிரும் வேளையில் வேட்டையை முடித்தார். ‘மரை’ என்ற அந்தச் சொல்லைத்தான் ஈழத்தவர் இன்றும் வழங்குகின்றனர். துயிலும் மரையை எய்வது முறையா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது.

இதற்கு நேர் எதிரான செய்தி மகாவம்சத்தில் இருக்கின்றது. கி.மு. 3 ஆம் நூற்றாண்டிலே பொசன் பௌர்ணமி நாளன்று தேவநம்பியதீசன் மிகிந்தலையில் மான் வேட்டைக்குப் போனான். கவனமின்றி மேய்ந்துகொண்டிருந்த ஒரு கலையைக் கண்டான். அறியாது நிற்கும் விலங்கை எய்வது தகாது என்று எண்ணி, நாணைத் தெறித்து ஒலி எழுப்பினான். அது ஓடியது, அவன் துரத்தினான், மகிந்த தேரரைச் சந்தித்தான். அரசன் விளையாட்டுக்கு வேட்டையாடியவன். விளையாடுபவன் எதிராளிக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். திண்ணனாரோ விளையாடப் போகவில்லை. தாம் பசித்திருந்து, தெய்வத்தின் பசிக்கு உணவு தேடிப் போனவர். தாம் உண்ணாமல், காய்ச்சிய இறைச்சியின் நல்ல துண்டுகளைத் தெரிந்து சுவாமிக்குப் படைத்தவர். இருவரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆனால் இருவரும் தம் முன் நின்ற உயிரை நேரே கண்டவர்கள்.

காணாமல் எய்தவர்களின் கதையும் இதிகாசங்களில் உண்டு. தசரதன் இருளிலே சரயு நதிக்கரையில் நீர் மொள்ளும் ஒலியைக் கேட்டு, யானை என்று எண்ணி அம்பு விட்டான். வீழ்ந்தது, கண்ணில்லாத பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை. பாண்டு மன்னன், கூடியிருந்த மான்களை எய்தபோது, மான் உருவில் இருந்த கிந்தம முனிவர் அவனைச் சபித்தார். வேட்டையாடியதற்காக முனிவர் கோபிக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சற்றுப் பொறுத்திருக்கக் கூடாதா என்பதே அவருடைய கேள்வி.

இனி இன்றைய நிலையை நோக்குவோர்க்கு வேதனையே மிஞ்சும். இலங்கையில் 1937 ஆம் ஆண்டு முதல் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இருந்து வருகின்றது. மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றைக் கொல்வதும் இறைச்சியை விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காட்டு வழியிலே கம்பிச் சுருக்கு வைத்துவிட்டு வீட்டிலே படுத்து உறங்குபவனை எந்தக் கணக்கில் வேடன் என்பது? கட்டுத்துவக்கைக் கட்டிவிட்டு வருபவன் யாரைக் குறிவைத்தான்? கம்பிக்குக் கண் இல்லை. பிணை மான் வந்தாலும் இறுகும், குட்டி வந்தாலும் இறுகும், ஊரவரின் மாடு வந்தாலும் இறுகும். 2020 ஆம் ஆண்டு மே மாதம் மலைநாட்டில் நல்லதண்ணிப் பகுதியிலே அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இத்தகைய சுருக்கில் அகப்பட்டு, மீட்கப்பட்ட பின்னரும் பிழைக்காமல் மாண்டது. கட்டுத்துவக்கில் காலை இழந்த மனிதரும் உண்டு. இரவிலே றோச் வெளிச்சத்தைக் கண்ணிற் பாய்ச்சி, மான் மலைத்து நிற்கும்போது சுடுவதும் திறமை ஆகாது. திண்ணனார் மரையின் சுவட்டைத் தேடிக் கால்நடையாக நடந்த தூரத்தை இவர்கள் நடந்ததில்லை. கோயிலிலே கண்ணப்பர் குருபூசைக்கு உபயம் செய்து, காட்டிலே சுருக்கும் வைப்பது எவ்வகையிலும் பொருந்தாது. அக்குருபூசை நாள் தை மாதத்து மிருகசீரிடம் ஆகும். மிருகசீரிடம் என்றால் மான் தலை என்பதே பொருள்.

பசியினால் வேட்டையாடுபவன் என்ன செய்வான் என்று கேட்பவர்களுக்கு மகா சிவராத்திரிப் புராணத்தில் ஒரு வேடன் இருக்கின்றான். வீட்டிலே மனைவி மக்கள் பட்டினி. பகல் முழுவதும் ஒன்றும் கிடைக்கவில்லை. நீர்நிலை அருகே ஒரு வில்வ மரத்தில் ஏறி, குடிக்கத் தண்ணீரும் வைத்துக்கொண்டு காத்திருந்தான். முதற் சாமத்திலே ஒரு பெண்மான் வந்தது. அவன் வில்லை வளைக்க, இலைகளும் நீரும் கீழே இருந்த சிவலிங்கத்தில் விழுந்தன. மான் அவனைப் பார்த்து, குட்டிகளை ஒப்படைத்துவிட்டு வருவேன், விடு என்று கேட்டது. அவன் முதலில் நம்பவில்லை. மான் சத்தியம் செய்தது. விட்டான். இரண்டாம் சாமத்தில் அதன் சகோதரி வந்தது, மூன்றாம் சாமத்தில் கலைமான் வந்தது. ஒவ்வொன்றும் அதையே கேட்டது. ஒவ்வொன்றையும் விட்டான். வீட்டில் அழும் பிள்ளைகளின் முகம் அவனுக்கு நினைவில் இல்லாமல் இல்லை. மானுக்கும் பிள்ளைகள் இருந்தன என்பது அன்றிரவுதான் அவன் காதில் விழுந்தது.

நாலாம் சாமத்திலே மூன்று மான்களும் சொன்ன சொல் தவறாமல் வந்து நின்றன. குட்டிகளும் பின்னால் வந்துவிட்டன. என்னை எடு, என்னை எடு என்று அவை முன்னே வர, வேடன் அம்பைத் தாழ்த்தினான். அவனுக்கும் மான்களுக்கும் ஒன்றாகவே சிவன் அருள் செய்தார் என்று புராணம் கூறும். அன்றோடு அவன் வேடனாக இல்லாமற் போனான் என்பர் சிலர். அப்படிச் சொல்லத் தேவையில்லை. இரவு முழுவதும் விழித்து, காத்து, வந்தது எது என்று கண்டு, குறி தவறாத தூரத்தில் நின்றவன் அவன். வேடனுக்குரிய எல்லாம் அவனிடம் இருந்தன.

ஆலயங்களில் கந்தபுராண படனம் நிறைவுறும் நாளிலே வள்ளியம்மை திருமணப் படலம் படிக்கப்படும். வள்ளியம்மை மான் வயிற்றிலே பிறந்தவள். தன் இனம் அல்லாத குழந்தையைக் கண்ட மான், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே அதை விட்டுச் சென்றது. வேடர் தலைவன் நம்பிக்கு ஆண்பிள்ளைகள் இருந்தும் பெண்பிள்ளை இல்லையே என்ற குறை. தினைப்புனத்தின் பக்கம் வந்தவன் அழுகுரலைக் கேட்டு, குழந்தையை வாரி எடுத்து, மனைவியின் கையிலே கொடுத்தான். நாள்தோறும் மானைத் தேடிக் காட்டுக்குப் போன வேடனின் குடிசையிலே மானின் மகள் வளர்ந்தாள்.