நாம் ஆள்கிறோமா, ஆளப்படுகிறோமா?



பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வீதி வழியாகக் கஹவத்தைக்கு வருகிறவர் கண்ணுக்குத் தேயிலையும் இறப்பரும் கறுவாவும் மாறி மாறித் தென்படும். அந்தி சாய்ந்தபின் அத்தோட்டங்களின் லயங்களுக்குள் எட்டிப் பார்த்தால் வேறொரு காட்சி தென்படும். ஒரு காலத்தில் ஒரு லயத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தாலே பெரிய காரியம். இஸ்தோப்பில் கூடியிருந்து எல்லோரும் கேட்டார்கள். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். இன்றோ ஒரே காம்பராவில் நான்கு பேர் இருந்தால், நான்கு முகங்களிலும் நான்கு வெளிச்சங்கள். ஒருவர் ஏன் சிரிக்கிறார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. செபமாலைக்கு மணியடிக்கும் நேரம் வந்தால், "இதோ, ஐந்து நிமிடம்" என்கிறோம். அந்த ஐந்து நிமிடம் ஒருபோதும் ஐந்து நிமிடமாக முடிவதில்லை.

கைத்தொலைபேசியும் இணையத்தளமும் பொல்லாதவை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவை எப்படி நம் வீட்டுக்குள் வந்தன என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. நாட்சம்பளத்தில் வாழும் பெற்றோர் நகையை அடகு வைத்தும், கடன்பட்டும், தவணைக்கும் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி வாங்கிக் கொடுத்தார்கள். அலைவரிசை கிடைக்காத மலைத் தோட்டங்களில் பிள்ளைகள் மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்று படித்தார்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் தாய்மார் பலருக்குத் தம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க இன்றும் இந்தக் கருவிதான் ஜன்னல். தியாகத்தினால் வாங்கப்பட்ட பொருளை நாம் இழிவாகப் பேசலாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றித் தனி விதித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டு, அவற்றை இறைவன் அருளிய வியத்தகு கண்டுபிடிப்புகளாகவே கருதியது.

ஆனால் பள்ளிக்கூடங்கள் திறந்த பின்னரும் தொலைபேசி தன் இடத்துக்குத் திரும்பவில்லை. பாடத்துக்கென்று வந்தது, தலையணைக்கு அடியில் குடியேறிவிட்டது. வேலைக்காரனாக வந்தவன் எப்போது எசமானன் ஆனான் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

நோயின் அடையாளங்கள்

ஒருவர் இத்தனை மணி நேரம் பார்த்தால் அடிமை, அதற்குக் குறைந்தால் அடிமையல்ல என்று கணக்குப் போட முடியாது. பரீட்சைக்காக நான்கு மணி நேரம் இணையத்தில் படிக்கும் மாணவி அடிமையல்ல. ஒரு மணி நேரமே பார்த்தாலும், அந்த நேரத்துக்காகப் பொய் சொல்லுகிறவன் ஆபத்தில் இருக்கிறான்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், கணினி விளையாட்டுக்கு அடிமையாதல் ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறுகிறார்கள். முதலாவது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைநழுவிப் போதல். இரண்டாவது, மற்றெல்லாக் கடமைகளுக்கும் விருப்பங்களுக்கும் மேலாக அது முதலிடம் பிடித்தல். மூன்றாவது, கெடுதல் வந்தது கண்கூடாகத் தெரிந்த பின்னரும் விடாமல் தொடர்தல். சாதாரணமாக இந்நிலை ஒரு வருட காலமாவது நீடித்திருந்தால்தான் மருத்துவர்கள் அதனை நோய் என்று தீர்மானிப்பார்கள். இணையப் பாவனை முழுவதும் அப்பட்டியலில் தனி நோயாக இடம்பெறவில்லை. ஆயினும் இந்த மூன்று அடையாளங்களும் டிக்டொக்குக்கும் பேஸ்புக்குக்கும் இணையச் சூதாட்டத்துக்கும் நல்ல அளவுகோல்களே.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். நினைத்ததைவிட அதிக நேரம் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் என்று கேட்டவரிடம் குறைத்துச் சொன்னதுண்டா? ரீலோட் போடப் பணம் இல்லாதபோது, சம்பந்தமில்லாதவர்கள் மீது எரிந்து விழுந்ததுண்டா? நள்ளிரவில் விழித்ததும் கை தானாகவே அதைத் தேடுகிறதா? கொழுந்து மலையில் நிற்கும்போதும், வகுப்பில் இருக்கும்போதும், திருப்பலியில் முழந்தாளிடும்போதும் மனம் அங்கேயே கிடக்கிறதா? மனக்கவலை வந்தால் மனிதரிடம் போகாமல் அதனிடம் போகிறீர்களா? நிறுத்திப் பார்க்க முயன்று தோற்றதுண்டா? இவற்றில் பலவற்றுக்கு "ஆம்" என்பது பதிலானால், பயப்பட வேண்டாம். ஆனால் பாராமுகமாகவும் இருக்க வேண்டாம்.

மாணிக்கக் குழியின் பாடம்

ஏன் நிறுத்த முடிவதில்லை? இரத்தினபுரி மாவட்டத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தூரதேசத்து உதாரணம் தேவையில்லை. மாணிக்கக் குழியில் இறங்குகிறவரைக் கேளுங்கள். 'இல்லம' எனப்படும் மாணிக்க மண்ணைக் கூடை கூடையாக அள்ளிக் கழுவுகிறார். பல நாள் வெறுங்கல். ஒரு நாள் ஒரு சிறு நீலம். அடுத்த கூடையில் என்ன இருக்கும் என்று தெரியாததாலேயே அவரால் கூடையைக் கீழே வைக்க முடிவதில்லை. ஒவ்வொரு கூடையிலும் ஒரே அளவான கூலி உறுதியாகக் கிடைத்தால், களைத்தவுடன் கரையேறிவிடுவார்.

அமெரிக்க உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் புறாக்களை வைத்து நடத்திய சோதனைகளில் இதையே கண்டார். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்த பறவை, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்துவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பறவையோ, வெகுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. நம் கையிலுள்ள திரையும் அப்படித்தான். பத்துக் காணொளிகள் சாரமற்றவை. பதினோராவது நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஆகவே விரல் மீண்டும் மேலே தள்ளுகிறது. முன்பெல்லாம் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. முடிவே இல்லாமல் கீழே கீழே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஆசா ரஸ்கின் என்பவர், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். நம் பலவீனத்தை நன்கு அறிந்தவர்கள் அதன்மேல் வியாபாரம் கட்டியிருக்கிறார்கள் என்பதே உண்மை. எனவே, தோற்கும் பிள்ளையைப் பார்த்து "உனக்கு மனவுறுதி இல்லை" என்று மட்டும் சொல்வது நீதியாகாது.

பாவமா, நோயா?

இங்கேதான் ஒழுக்கத்தைப் பற்றிய கடினமான கேள்வி எழுகிறது. அடிமைப்பட்டவன் குற்றவாளியா, நோயாளியா? குற்றவாளி என்றால் தண்டிக்க வேண்டும். நோயாளி என்றால் இரங்க வேண்டும். நம் வீடுகளில் இரண்டும் மாறி மாறி நடக்கின்றன. காலையில் தந்தை தொலைபேசியைப் பிடுங்கி எறிகிறார்; மாலையில் தாய் மனமிரங்கித் திருப்பிக் கொடுக்கிறார். பிள்ளை குழம்பிப் போகிறது.

புனித அகுஸ்தீனார் தமது வாழ்க்கை வரலாற்று நூலில் அலிப்பியுஸ் என்ற நண்பரைப் பற்றிக் கூறுகிறார். உரோமையின் அரங்கில் மனிதர் மனிதரைக் கொல்லும் விளையாட்டை அலிப்பியுஸ் வெறுத்தவர். நண்பர்கள் ஒரு நாள் அவரை வலிந்து இழுத்துச் சென்றார்கள். உடல் அங்கே இருந்தாலும் கண்களை மூடிக்கொள்வேன் என்று உறுதியாக உட்கார்ந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒரு கணம் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான்! அன்று முதல் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவரானார். அவருடைய தவறு எங்கே? கண்ணைத் திறந்த அந்தக் கணத்திலா? தன் பலத்தை நம்பி, "நான் தாங்குவேன்" என்று அந்த ஆசனத்தில் அமர்ந்தபோதே தவறு தொடங்கிவிட்டது என்பது அகுஸ்தீனாரின் கருத்து. தவறிய விருப்பம் ஆசையாகவும், ஆசை பழக்கமாகவும், எதிர்க்கப்படாத பழக்கம் கட்டாயமாகவும் மாறுவதை, வளையத்தோடு வளையம் கோத்த சங்கிலிக்கு அவர் ஒப்பிடுகிறார்.

1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பழக்கமும் அளவுகடந்த பற்றும் உளவியல், சமூகக் காரணங்களும் ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்று போதிக்கிறது. அப்படியானால் நமக்குப் பொறுப்பே இல்லையா? அப்படியல்ல. இரவு பன்னிரண்டு மணிக்கு, விரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, நம் சுதந்திரம் மிகச் சிறியது. மாலை ஆறு மணிக்கு, தொலைபேசியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது அது பெரியது. ஆறு மணிக்கு இருக்கும் சுதந்திரத்தைக் கொண்டு பன்னிரண்டு மணியின் பலவீனத்தைக் காப்பதே விவேகம் என்னும் புண்ணியம்.

இன்னுமொன்று. இந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். தாயும் தந்தையும் விடியற்காலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். அதுவரை பிள்ளைக்கு விளையாட மைதானம் உண்டா? வாசிக்க நூலகம் உண்டா? தோட்டத்துக்கு வெளியே தன்னை மதிக்கும் உலகம் ஒன்று திரையில் மட்டுமே இருப்பதாக ஓர் இளைஞன் எண்ணினால், அந்த வெறுமைக்குப் பங்கும் தோட்ட நிர்வாகமும் பெரியோரும் பதில் சொல்ல வேண்டாமா?

மீளும் வழி

டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மத் டல்பொட் பன்னிரண்டு வயதில் குடிக்கத் தொடங்கினார். இருபத்தெட்டாவது வயதில், 1884இல், கையில் காசில்லாமல் தவறணை வாசலில் நின்றபோது, அவர் வாங்கிக் கொடுத்துக் குடித்த நண்பர்களில் ஒருவர்கூட அவரை உள்ளே அழைக்கவில்லை. அன்றே மதுவிலக்கு வாக்குறுதி எடுத்தார். வாழ்நாள் முழுவதற்குமா? இல்லை, மூன்று மாதங்களுக்கு மட்டும். அது முடிந்ததும் புதுப்பித்தார். பின்னர் ஆயுள் முழுவதற்கும். பணம் கையில் இல்லாமல் வெளியே நடந்தார். குடித்த நேரத்தில் திருப்பலிக்கும் செபத்துக்கும் சென்றார். 1925இல், பூசைக்குப் போகும் வழியில் மரித்தார். 1975இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். குடியிலிருந்து மீண்ட அவர் வழி நமக்கும் பொருந்தும்.

முதலில், சிறிய காலத்துக்கு வாக்குறுதி எடுங்கள். "இனிமேல் தொடவே மாட்டேன்" என்பது மூன்றாம் நாள் முறியும். "இந்த வாரம் இரவு ஒன்பது மணிக்குப் பின் தொடமாட்டேன்" என்பது நிற்கக்கூடும்.

இரண்டாவது, சோதனையின் வழியை மாற்றுங்கள். வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் இரவில் ஒரே இடம் இருக்கட்டும். அது படுக்கைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். தந்தையின் தொலைபேசி அங்கே முதலில் வைக்கப்படட்டும். பெற்றோர் கையில் ஒளிரும் திரையைப் பார்த்துக்கொண்டே பிள்ளை கீழ்ப்படியாது.

மூன்றாவது, வெறுமையை நிரப்புங்கள். எடுத்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் பழையது திரும்பி வரும். பந்தாட்டமோ, பாடகர் குழுவோ, வீட்டுத் தோட்டமோ, பாட்டியிடம் கதை கேட்பதோ, உயிருள்ள மனிதரோடு செய்யும் ஏதாவது ஒன்று வேண்டும்.

நான்காவது, முதல் நாட்களின் எரிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் ஆயத்தமாயிருங்கள். பிள்ளை கோபப்பட்டால் அடித்துப் பிடுங்காதீர்கள், பக்கத்தில் இருங்கள். விழுந்தால் மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். ஒப்புரவு அருட்சாதனம் விழுந்து எழுகிறவர்களுக்காகவே தரப்பட்டது.

ஐந்தாவது, உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இல் இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவைத் திறந்தது. நம் நாட்டில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பிள்ளை உணவையும் உறக்கத்தையும் விட்டுவிட்டால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால், உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். செபம் மருத்துவருக்கு எதிரியல்ல.

சட்டம் போட்டால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். தென் கொரியா 2011இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டில் ஈடுபடுவதைத் தடை செய்தது; 2022இல் அச்சட்டத்தை நீக்கிவிட்டது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பரில், பதினாறு வயதுக்குட்பட்டோருக்குச் சமூக வலைத்தளக் கணக்குகளைத் தடுக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. சட்டம் வேலி கட்டலாம். வேலிக்குள் பயிர் வளர்ப்பது குடும்பத்தின் வேலை.

2025 செப்டம்பர் 7ஆம் திகதி பாப்பரசர் பதினான்காம் லியோ, 2006இல் பதினைந்து வயதில் மரித்த கார்லோ அக்குத்திசைப் புனிதராக உயர்த்தினார். கணினியில் தேர்ந்த சிறுவன் அவர். நற்கருணை அற்புதங்களைப் பற்றி ஓர் இணையத்தளமே அமைத்தார். அதே சிறுவன், தன் காணொளி விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று எல்லை வைத்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் கருவியை வெறுக்கவில்லை. அதற்கு முழந்தாளிடவும் இல்லை. முழந்தாள் நற்கருணைக்கு மட்டுமே உரியதென அறிந்திருந்தார்.

அன்பார்ந்த பெற்றோரே, இளைஞரே! இவ்வாரத்தில் ஓர் இரவைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லாத் தொலைபேசிகளையும் ஓரிடத்தில் வையுங்கள். ஒன்றாக உண்ணுங்கள், ஒன்றாகச் செபியுங்கள், பிறகு சும்மா பேசிக்கொண்டிருங்கள். முதலில் பேச எதுவும் இல்லாததுபோல் தோன்றும். சற்றுப் பொறுங்கள். பள்ளியில் நடந்ததும், மலையில் நடந்ததும், மனதில் இருந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றைக் கேட்க இத்தனை நாள் யாரும் இருக்கவில்லை என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.