சுத்தபோசனமும் நண்டுக் கறியும்

தவக்கால வெள்ளி ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்தபின், பங்கிலுள்ள ஒரு வீட்டுக்கு இராப்போசனத்துக்குப் போயிருந்தோம். மேசையில் நண்டுக் கறி, இறால் பொரியல், விளைமீன் குழம்பு. "சுவாமி, இண்டைக்குச் சுத்தபோசனம். இறைச்சி எடுக்கவில்லை" என்றார் குடும்பத் தலைவர், மிகுந்த திருப்தியோடு. அவர் சொன்னதில் பிழையில்லை. திருச்சபைச் சட்டம் விலக்குவது இறைச்சியை. மீனையும் நண்டையும் அல்ல. நாமும் உண்டோம், நன்றாகவே உண்டோம். ஆனால் திரும்பும் வழியில் ஒரு கேள்வி கூடவே வந்தது. அந்த மேசையில் நாம் எதைக் குறைத்தோம்?

1966ஆம் ஆண்டு மாசி மாதம் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் தபசு பற்றி வெளியிட்ட சாசனம், வெள்ளிக்கிழமையைத் தபசு நாளாகவே வைத்துக்கொண்டது. இறைச்சியை விடுவதற்குப் பதிலாக வேறு தவமுயற்சிகளை, சிறப்பாகச் செபத்தையும் தருமத்தையும், ஏற்படுத்த ஆயர் பேரவைகளுக்கு இடமளித்தது. சட்டம் தளர்ந்துவிட்டது என்றே பலரும் விளங்கிக்கொண்டனர். தளர்ந்தது நினைவில் நின்றது. பதிலாகச் செய்யவேண்டியது மறந்துபோயிற்று.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2011இல் அந்தப் பழைய வெள்ளி ஒழுங்கை மீண்டும் கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கரில் நான்கிலொரு பங்கினருக்குச் சற்றுக் கூடுதலானோரே தம் வெள்ளி உணவை மாற்றிக்கொண்டனர். அதனாலேயே ஆண்டுக்கு 55,000 தொன்னுக்கு மேற்பட்ட கரியமிலவாயு மிச்சமாயிற்று என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 2022இல் கணக்கிட்டனர். மாடும் ஆடும் இரைமீட்கையில் வெளிவிடும் மீதேன் வாயு பூமியைச் சூடாக்குவதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சொசேஜஸ் போன்ற பதனிட்ட இறைச்சி புற்றுநோயை வருவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் அறிவித்தது. இவையெல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனாலும் உடம்புக்காக மாத்திரம் குறைப்பது வைத்தியர் சொற்கேட்பது. அதைத் தபசு என்று சொல்வதற்கில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் முட்டையும் பால்மாவும் இறைச்சியும் கைக்கெட்டாமற் போனபோது, எத்தனையோ வீடுகளில் கிழமை முழுவதும் வெள்ளிக்கிழமையாயிற்று. அப்படிப்பட்ட வீட்டாரிடம் போய், "குறைத்து உண்ணுங்கள்" என்று பிரசங்கிப்பது பாவம் என்றே சொல்வேன். வளரும் பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் முட்டையும் நெத்தலியும் கிடைக்கட்டும். 14 வயது நிறையாதவரைச் சட்டமே கட்டுப்படுத்துவதில்லை. வேண்டுமா, வேண்டாமா என்று தெரிவுசெய்யக் கூடியவனிடந்தான் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

5ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் பெரிய சிங்கராயர் நோன்பையும் தருமத்தையும் பிரித்துப் பேசியவரல்லர். செல்வன் விட்டது ஏழையின் வயிற்றுக்குப் போகவேண்டும் என்பது அவர் போதனை. இசையாஸ் தீர்க்கதரிசி அதை அவருக்கு முன்பே இன்னும் கடுமையாகச் சொல்லிவிட்டார். ஆகவே கணக்கு எளிது. கிழமையில் ஒருநாள் ஆட்டிறைச்சிக்குப் பதிலாகப் பருப்பும் முருங்கையிலையும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்தால் கையில் ஏதோ மிஞ்சும். நண்டு வாங்கினால் ஒன்றும் மிஞ்சாது, சிலவேளை கடனாகும். நம் அயலிலுள்ள சைவக் குடும்பங்கள் வெள்ளியில் மீனையும் மச்சமென்றே விலக்குகின்றன. மச்சம் சமைத்த சட்டியை அன்று அடுப்பில் ஏற்றாத வீடுகளும் உண்டு. இதில் நாம் அவர்களிடம் படிப்பதில் வெட்கமில்லை.

பின்னொருநாள் அந்த வீட்டம்மா எம்மிடம் கேட்டார்: "அப்ப சுவாமி, நெத்தலிச் சொதி வைக்கலாமோ?" தாராளமாக வைக்கலாம் என்றோம். நண்டு வாங்காமல் மிஞ்சிய காசு எங்கே என்று மாத்திரம் கேட்டோம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் மூன்று பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஒரு தாயின் பெயரைச் சொன்னார்.