யாருடைய காது?

நல்லது இன்னதென்று அறிந்தவர், அறியாதவருக்காக அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாமா? கேள்வி பெரியது. எனக்கு அதை நினைவூட்டுவதோ ஒரு சிறிய பொருள்: வானொலிப் பெட்டி.

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில், பழைய பாட்டு என்றதும் 'இலங்கை வானொலி' என்று முகம் மலரும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடல் கடந்த நாட்டின் பெயர் நம் பாட்டோடு ஏன் ஒட்டிக்கொண்டது? காரணம் டில்லியில் இருந்தது. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த நேரம் குறைந்தது. படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரம் என்று நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் கோபம் கொண்டு அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

கேஸ்கர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். சாஸ்திரீய சங்கீதத்தை உயிராக மதித்தவர். அதை எளியவர் வீட்டுக்கும் கொண்டு சேர்க்க விரும்பியவர். அதனால்தான் இந்தக் கதை சிந்திக்கத் தக்கதாகிறது. தீயவர் தடுத்தால் எதிர்ப்பது எளிது. நல்லவர் நம் நன்மைக்காகவே தடுத்தால் என்ன செய்வது?

மக்கள் சண்டை போடவில்லை. வானொலியின் முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கியிருந்தது. உலக யுத்தத்தின்போது படைவீரர்களுக்காகக் கொழும்பில் அமைத்த சக்தி வாய்ந்த நிலையம் அதன் கைக்கு வந்திருந்தது. தமிழ்ப் பாட்டு கடலைத் தாண்டி வந்தது. அதுவும் தருமம் அன்று, விளம்பரக் காசுதான். ஆயினும் கேட்டவருக்குக் கேட்டது கிடைத்தது. 1957-இல் விவித பாரதி பிறந்தபோது, டில்லியும் இறங்கி வந்தது.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்கு அவை எழுதி வைத்த விதிகள் வியக்கத் தக்கவை. கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வர முடியாது. ஆனால் நிலமும் சொந்த மனையும் கல்வியும் வேண்டும். அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை. நேயர் விருப்பத்துக்கோ ஒரு தபால் அட்டை போதும். அந்த அட்டையின் மதிப்பை நான் குறைத்து எண்ண மாட்டேன்.

அப்படியானால் பலர் விரும்புவதெல்லாம் உயர்ந்ததா? இல்லை. உயர்ந்ததை அறிந்தவர் அதை எடுத்து வைக்கட்டும், விளக்கட்டும், மீண்டும் மீண்டும் அழைக்கட்டும். மற்றக் கதவைச் சாத்தும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அன்று ரசனையைக் கெடுப்பதாகச் சொல்லப்பட்ட அதே பாட்டுகளை இன்று 'காலத்தை வென்றவை' என்கிறோம். பேரப்பிள்ளை தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டால், "இதெல்லாம் ஒரு பாட்டா? நிறுத்தடா!" என்கிறோம். நாற்காலி மாறியிருக்கிறது, அமைச்சர் மாறவில்லை.

திருவிழா ஒலிபெருக்கியில் நம் பழைய பாட்டை ஊர் முழுவதும் கேட்கச் செய்வதும் அதே ஆட்சிதான். உறங்க விரும்பும் நோயாளிக்கு முள்ளைத் திருப்ப வழியில்லை.

என் காதுக்கு வேண்டியதை நான் தேர்ந்துகொள்ளலாம். பிறர் காதுக்குள் நுழையுமுன் அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளை கேட்கும் பாட்டை அணைக்கக் கை நீளும்போது, பக்கத்தில் உட்கார்ந்து அதை ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு நம்முடையதைப் போட்டுக் காட்டலாமே!