பூக்கும் முன் பிடுங்குங்கள்!

மேற்குக் கென்யாவின் விக்டோரியா ஏரிக்கரை ஊர்களில், மக்காச்சோளத்துக்கு நடுவே ஊதாப் பூக்கள் தலைகாட்டினால் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற பயம் வந்துவிடும். அது ஸ்டிரைகா. லுவோ மக்கள் கயோங்கோ என்கிறார்கள். பயிரின் வேருக்குள் புகுந்து சத்தையும் நீரையும் உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களை. களை முற்றிப்போன வயலில் ஒரு கதிர்கூட மிஞ்சாது. சாபம் பட்ட மண் என்று நிலத்தையே கைவிட்டவர்கள் உண்டு.

சாபமா? இல்லவே இல்லை! எதிரியை அறிந்தவர் வாயில் அந்தச் சொல் வராது. அறிந்துகொள்ளுங்கள்.

ஒரே செடி 50,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். தூசி போன்ற அந்த விதை 10 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். மழை மட்டும் பெய்தால் முளைக்காது. பக்கத்து வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருள் பட்டால்தான் முளைக்கும். வேர் அதை ஏன் கசியவிடுகிறது? மண்ணில் பாஸ்பரஸ் குறையும்போது, சத்தைத் தேடித் தரும் பூஞ்சைகளை அழைப்பதற்காக. நண்பனைக் கூப்பிடும் குரல் பகைவன் காதிலும் விழுந்துவிடுகிறது! மண் மெலிய மெலிய அந்தக் குரல் ஓங்குகிறது. அப்படியானால் முதல் அடி எங்கே விழ வேண்டும்? களையின் மேல் அல்ல, மண்ணின் பசி மேல். எருவிடுங்கள். பயறு வகைகளோடு பயிரை மாற்றுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது, விதியின் கையில் இல்லை.

செடி வெளியே தெரிவதற்குள் பல வாரம் வேரைக் குடித்திருக்கும். “இனிமேல் பிடுங்கி என்ன ஆகப்போகிறது?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. இந்தப் போகத்துக்குப் பலன் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதை உதிர்வதற்குள் நீங்கள் பிடுங்கும் ஒவ்வொரு செடியும், உங்கள் பிள்ளை உழப்போகும் மண்ணில் விழவிருந்த அரை லட்சம் விதைகள். குனியுங்கள்!

கென்யாவின் ம்பிட்டாவில், இசிபே பூச்சியியல் மையத்தின் ஜெயாவுர் கானும் அவருடைய குழுவினரும் 1990-களில் போராடியது களையோடு அல்ல, தண்டுத் துளைப்பானோடு. பூச்சியை விரட்ட மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனப் பயறு, அதை வெளியே இழுக்க வயலோரத்தில் நேப்பியர் புல். பூச்சி குறைந்தது. யாரும் எதிர்பாராத வகையில் ஸ்டிரைகாவும் ஒடுங்கியது! டெஸ்மோடியத்தின் வேர், களை விதையை முளைக்கத் தூண்டிவிட்டு, மக்காச்சோள வேரைப் பற்றவிடாமல் தடுக்கிறது. பற்றிக்கொள்ள வேர் கிடைக்காத முளை பட்டினியில் சாகிறது. தன் பசியாலேயே எதிரி அழிகிறான். கூடவே மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குத் தீவனம். ஆனால் சும்மா வந்துவிடாது. டெஸ்மோடியம் தொடக்கத்தில் மெதுவாகத்தான் வளரும்; மற்ற களைகள் அதை அமுக்காமல் கையால் களைந்து காக்க வேண்டும். முதல் போகத்தில் பொறுமை இழந்து உழுதுவிட்டவருக்கு அது எதையும் தராது. வேரூன்றிவிட்டால் பல ஆண்டு நின்று காக்கும்.

எத்தியோப்பியாவில் மண் தரைக் குடிசையில் பிறந்த கெபிசா எஜெட்டா, படிப்புக்காக ஞாயிறுதோறும் 20 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போய், வெள்ளிக்கிழமை வீடு திரும்பிய சிறுவன். அவரே ஸ்டிரைகாவைத் தாங்கி நிற்கும் சோள ரகங்களை உருவாக்கி, 2009-இல் உலக உணவுப் பரிசை வென்றார். ஆப்பிரிக்கக் குடியானவரின் பெரும்பகையை அடக்க வழி கண்டவர் ஒரு குடிசைப் பிள்ளை. நம்மால் ஆகாது என்று இனியும் எந்த முகத்தோடு சொல்வோம்?

இந்தக் களையின் தம்பி நம்மிடமும் இருக்கிறது. கரும்பிலும் சோளத்திலும் வரும் சுடுமல்லி இதே இனம்தான். உங்கள் வயலில் அது நின்றால், இன்றே இறங்குங்கள். பூக்கும் முன் வேரோடு பிடுங்குங்கள். பூத்துவிட்டதா? குப்பைக் குழியில் போடாதீர்கள்; எருவோடு சேர்ந்து விதை மறுபடி வயலுக்கே வரும். காயவைத்துக் கொளுத்துங்கள். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை அந்த வயலிலேயே தட்டிவிடுங்கள். பக்கத்து வயல்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வரப்பில் நின்றுவிட்ட ஒரு செடி போதும், அடுத்த காற்றில் விதை உங்கள் பக்கம் வந்துவிடும்.