அறிந்தும் வாளாவிருந்தோர்

தீமை செய்தவன் குற்றவாளி; அதில் ஐயமில்லை. அதை அறிந்தும் வாளாவிருந்தவன் யார்? அன்பான வாசகரே, பெண்பிள்ளைகளை விளையாட்டுத் துறைக்கு அனுப்பும் நாம் எல்லாரும் விடைகூற வேண்டிய கேள்வி இது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். லரி நாசர் என்பவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வைத்தியராக இருந்தவர். தேசிய ஜிம்னாஸ்டிக் அணிக்கும் வைத்தியம் பார்த்தவர். சிகிச்சை என்ற பெயரில் அவர் பல ஆண்டுகளாகச் சிறுமிகளையும் இளம்பெண்களையும் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார். 2018 ஜனவரியில், பாதிக்கப்பட்ட பெண்களும் பெற்றோருமாக 150க்கும் மேற்பட்டோர் அவர் செய்ததை நீதிமன்றில் எடுத்துரைத்தனர். 40 முதல் 175 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நீதி கிடைத்துவிட்டது என்று நாம் ஆறுதலடையலாமா? 1997ஆம் ஆண்டிலேயே தம் பயிற்றுநரிடம் முறையிட்டதாக ஒரு பெண் பின்னர் கூறினார். 2014இல் பல்கலைக்கழகம் விசாரித்து, நாசர் குற்றமற்றவர் என்றது. 2015 யூலையில் மத்திய புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் எட்டியது. அதன் பின்னரும் ஓராண்டுக்கு மேலாக அவர் நோயாளர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 2016 செப்டெம்பரில் ரேச்சல் டென்ஹொலண்டர் என்ற பெண் தம் பெயரை மறைக்காமல் பத்திரிகையில் பேசிய பின்னரே கதவு திறந்தது.

இடையில் இருந்தவர்கள் யாவரும் கொடியவர்களா? அல்லர். பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்களே. ‘பேர்பெற்ற வைத்தியராயிற்றே’, ‘பிள்ளை பிழையாக விளங்கியிருக்கும்’, ‘நிறுவனத்தின் நற்பெயர் என்னாவது’ என்ற சாட்டுகள் நமக்கும் பழக்கமானவையே. பிள்ளையின் மௌனம் அச்சத்தால் விளைவது. அணியில் இடம் கொடுப்பதும் பறிப்பதும் பெரியவர்கள் கையில் அல்லவா? பெரியவர்களின் மௌனமோ அவர்களாகத் தெரிந்துகொள்வது. ஆகவே அதற்கு அவர்களே பொறுப்பு. பதக்கம் பிள்ளைக்காக உண்டானது. பிள்ளை பதக்கத்துக்காக உண்டானவள் அல்லள்.

தடுக்கும் வழிகள் அரியவை அல்ல. பயிற்றுநரோ வைத்தியரோ பிள்ளையுடன் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. முறைப்பாட்டைக் கழகத்துக்கு வெளியே உள்ளவர்களே விசாரிக்கவேண்டும். தன் வீட்டுக் களவைத் தானே விசாரிப்பவன் நடுவன் ஆகான். அமெரிக்காவில் 2017இல் இதற்கெனத் தனி நிலையம் தொடங்கப்பட்டது. துர்ப்பிரயோகம் பற்றி ஐயம் எழுந்தால், தேசிய விளையாட்டு அமைப்புகளில் பொறுப்பு வகிப்போர் 24 மணி நேரத்துள் அறிவிக்கவேண்டும் என்று 2018இல் சட்டமும் வந்தது.

ஆயினும் சட்டம் வீட்டுக்குள் வந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்காது. ‘இனிப் பயிற்சிக்குப் போகமாட்டேன்’ என்று உங்கள் மகள் ஒருநாள் சொன்னால், சோம்பல் என்று அதட்டாதீர்கள். ‘ஏன் பிள்ளை?’ என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதிருங்கள். இவ்விடயத்தில் மௌனம் நன்மையாகும் இடம் அது ஒன்றே. கேட்டபின் மௌனம் வேண்டாம்.