இரண்டு மாதம் தாங்கும் பெயிண்ட்

புதுசாக பெயிண்ட் அடித்த சுவரில் கறை தெரிந்தால் முதல் திட்டு பெயிண்டருக்குத்தான். ஆனால் எல்லாக் கறையும் ஒரே கதை சொல்வதில்லை.

வெளிச்சுவர் எமல்ஷன் சரியாகக் காய்வதற்குள் தூறலோ பனியோ பட்டால் பழுப்பாக, பிசுபிசுவென்று கோடுகள் வழியும். பெயிண்டுக்குள் இருக்கும் சோப்பு மாதிரியான பொருட்கள் கரைந்து வெளியே வருவதுதான் அது. தண்ணீர் விட்டுக் கழுவினால் போகும், இல்லையென்றால் நாலு மழையில் போகும். அடுக்களைப் புகைக்கறை வேறு ரகம். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் அந்தக் கறையையும் கரைத்து மேலே இழுத்துக்கொள்ளும். ஆயில் பிரைமர் போட்டு அடைத்துவிட்டு அடிக்க வேண்டும். இது மறைப்புதான், ஆனால் இதில் பொய் இல்லை. புகைந்த விறகடுப்பே இப்போது இல்லையே!

மூன்றாவதுதான் சிக்கல்: ஓதம். தரையிலிருந்து செங்கல் வழியாகத் தண்ணீர் ஏறும். செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்து எடுத்துவரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் படிகமாகி பெயிண்டைத் தள்ளிப் பொரிய வைக்கும். இங்கே காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் பழைய வீட்டை வாடகைக்கு விடத் தயார் செய்தபோது, கிணற்றடிப் பக்கச் சுவரைத் தட்டிப் பார்த்த பெயிண்டர் சொன்னார்: "தம்பி, வாடகை வீடுதானே? பட்டி பார்த்து ஒரு கோட் இழுத்துட்டா ரெண்டு மாசம் தெரியாது."

அந்த ரெண்டு மாசத்தில்தான் முழுக் கேள்வியும் இருக்கிறது. குடிவருபவர் அட்வான்ஸ் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த பிறகு சுவர் பேச ஆரம்பிக்கும். நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். என் தொழிலிலும் இது உண்டு. எர்ரரைச் சரிசெய்யாமல் எர்ரர் மெசேஜை மட்டும் அணைத்துவைப்போம். ஸ்கிரீனில் எல்லாம் பச்சை. நடுராத்திரி போன் போவது வேறு யாருக்கோ.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதும் மறைப்புதானே என்று கேட்கலாம். ஆனால் சுண்ணாம்பின் ஆயுள் ஒரு வருஷம் என்று ஊருக்கே தெரியும். அது சுவரின் ஈரத்தை வெளியே விடவும் செய்யும். யாரையும் ஏமாற்றாத மறைப்பு.

மூடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் காலத்தவர் சோழர் ஓவியங்களின்மேல் புதிதாக வரைந்தார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி, மேலடுக்கு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த ஓவியத்தைக் கண்டார். பிற்பாடு தொல்லியல் துறை நாயக்கர் ஓவியங்களையும் வீணாக்காமல் பிரித்தெடுத்துப் பாதுகாத்தது. அங்கே மேலடுக்குக்கும் ஒரு மதிப்பு இருந்தது. அடியில் இருந்ததும் யாரையும் காயப்படுத்தவில்லை.

ஆக, மறைத்தோமா இல்லையா என்பதைவிட, அடியில் இருப்பதன் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கறையை மறைப்பது எனக்கு ஒரு கோட் பெயிண்ட் செலவு. குடிவருபவருக்கோ, உப்புத்தூள் உதிரும் சுவரோரம் பாய் விரித்துப் படுக்கும் ஐப்பசி, கார்த்திகை.

இடுப்பளவுக்குப் பூச்சைக் கொத்தி, கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடிக்கச் சொன்னேன். இதனாலும் ஓதம் முழுசாக நிற்காது. வீடு பார்க்க வந்தவரிடம் அதையும் சொன்னேன். அவர் வாடகையில் ஐந்நூறு குறைக்கச் சொன்னார். நியாயமான தொகைதான்.